முட்டுச்சந்தின் நீலத் தடங்கள்

வில்லம்ஸ்டாட்டின் பழைய நகரைத் தனியாகச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு வழிகாட்ட, தெருவெல்லாம் நீலக் காலணித் தடங்கள் வரைந்திருக்கிறார்கள். புதிதாகச் சில தடங்கள் எங்கள் முட்டுச்சந்துக்குள் திரும்பி, கடைசிச் சுவரில் முடிந்தன.

"சுவரப் பாத்தா தானா திரும்பி வந்துடுவாங்க, விடு," என்றார் என் கணவர் கில்மார்.

"உள்ள போன ஒருத்தரும் இன்னும் வரலையே."

புத்தாண்டுக்கு வீட்டுக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட் கட்டிலுக்கு அடியில் மிச்சமிருந்தது. அதைப் பூசித் தடங்களை மறைத்தேன். மறுநாள் நீலம் மறுபடி தெரிந்தது. மறுபடி பூசினேன்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இது முடியிற வரைக்கும் இல்ல."

இன்று காலை நீலம் இல்லை. சுவரிலிருந்து கிளம்பிய வெறுங்கால் தடங்கள், காயாத மஞ்சளில், எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே, படுக்கையறை வரை வந்திருந்தன. வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.

பெயிண்ட் டப்பாவை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினேன்.