பன்னிரண்டு மணி வெயில்

"இன்னும் பன்னெண்டு ஆகல. அந்த வயரைத் தொடாதீங்க!"

சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. வாடகைக் காரை வாசலில் ஏற்றி நிறுத்திவிட்டு, சார்ஜர் வயரைக் கையில் எடுத்த டிரைவர் அப்படியே நின்றான்.

"இருபது நிமிஷம்தானே இருக்கு? சவாரி கேன்சல் ஆயிடுச்சு, அதான் சீக்கிரம் வந்துட்டேன்."

"உங்க சவாரி கேன்சல் ஆனா என் பன் ஏன் வேகாம நிக்கணும்? ஓவன்ல கடைசித் தட்டு இருக்கு. ரெண்டும் சேர்ந்து ஓடினா கூரை தாங்காது. லைன்லேர்ந்து இழுக்கும்."

அவள் சொன்னது சரிதான். கூரை மேல் இருந்தவை பத்து சோலார் பேனல்கள். உச்சி வெயிலில்கூட ஓவனையும் காரையும் ஒரே நேரத்தில் அவற்றால் சமாளிக்க முடியாது. மிச்சமாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் லைனுக்குக் கொடுத்தால் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதையே திரும்பக் கேட்டால் முழு விலை. ஆகவே வெயில் இருக்கும்போதே வரிசை போட்டுத் தின்று தீர்க்க வேண்டும்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஓவன். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கார். துணி துவைக்கும் மெஷின் அதற்கப்புறம். வாசல் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அட்டவணை ஒட்டியிருந்தது. எழுத்து அவளுடையது. அடித்தல் திருத்தல் எல்லாம் அவனுடையது.

"ரீடிங் எடுக்க இன்னைக்கு ஆள் வருது, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் அவள். "போன தடவையும் பில் வந்துச்சு. அதுக்கு முந்தின தடவையும் வந்துச்சு. இந்தத் தடவையும் வந்தா பிளக்கைக் கழட்டி உங்க கையிலயே குடுத்துடுவேன். வெளியில போய் சார்ஜ் போட்டுக்கோங்க."

"வெளியில போட்டா என் ஓட்டத்துல மூணுல ஒரு பங்கு அதுக்கே போயிடும். அப்புறம் நான் வண்டி ஓட்டறதே வீண்."

"அது உங்க பாடு."

"பில் வராது."

"எந்த தைரியத்துல சொல்றீங்க?"

"வாரம் தவறாம கூரையில ஏறி பேனலைத் தேய்ச்சவன் நான். மேகம் மூடின அன்னைக்கெல்லாம் இந்தப் பக்கமே வரல. ஆனா ஒருத்தங்க ராத்திரி எட்டு மணிக்கு அயர்ன் பாக்ஸ் போட்டாங்க. யாருன்னு நான் கேக்கல."

"ஒரே ஒரு நாள்!"

"ரெண்டு நாள். போன்ல எல்லாம் தெரியுது."

"வேவு பாக்கறதுல மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல."

"பாதி பேனல் என் காசு. பாக்கத்தான் செய்வேன்."

"கூரை முழுசும் என்னுது. அதையும் மறந்துடாதீங்க."

அவன் படியில் உட்கார்ந்தான். அவள் வெளியே வந்து ஒரு தட்டை அவன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பன்கள். ஓரம் கருகியவை.

"கருகினது மட்டும்தான் எனக்கா?"

"நல்லது கடைக்குப் போகுது. வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கோங்க."

சரியாகப் பன்னிரண்டுக்கு ரீடிங் எடுப்பவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். இந்தத் தெருவுக்குப் புதியவர். மீட்டரின் பொத்தானை அழுத்தினார். உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் என்று எண்கள் மாறி மாறி ஓடின. அவர் தோளுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். இரண்டு பேரும் அந்த எண்களையே முறைத்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க முறைச்சா நம்பர் குறையாது."

கையிலிருந்த சின்ன மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. அவர் அதைக் கிழித்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

"பூஜ்யம்" என்றார். "பில்லே இல்லம்மா. ஆறு ரூபா உங்களுக்குத்தான் வரவு."

டிரைவர் எழுந்துபோய் வயரை எடுத்துக் காரில் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது.

"சொன்னேனா இல்லையா?"

"ரொம்பத் துள்ளாதீங்க. அடுத்த ரீடிங் வரைக்கும் வயர் இருக்கும், அவ்ளோதான். இனிமே பன்னெண்டுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஓவனை அணைக்க உள்ளே ஓடினாள்.

ரீடிங் எடுப்பவர் சிரித்தார். "இந்தத் தெருவுல நிறைய வீட்ல பேனல் இருக்கு சார். ஆனா பூஜ்யம் பாத்தது இங்கதான். என் வீட்ல நான் ஒரு லைட்டை அணைச்சா அவ ரெண்டு லைட்டைப் போடுவா. புருஷன் பொண்டாட்டின்னா உங்கள மாதிரி இருக்கணும்." நோட்டை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவன் பன்னை மென்று விழுங்கினான்.

"அவங்க வந்து போடுவாங்க சார். நான் இந்த வீட்டு ஆள் இல்ல. எங்களுக்கு டைவர்ஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. வீடு அவங்களுக்கு, கார் எனக்குன்னு பிரிச்சுக் குடுத்த ஜட்ஜ், வெயிலைப் பிரிக்க மறந்துட்டார்."