கொசுத் தாள்

"கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன குசுகுசுப்பு?"

மூன்றாவது முறையாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் மாமியார். கையில் தரை துடைக்கும் துணி. காலடியில் அழுக்குத் தண்ணீர் வாளி.

ஆஸ்பத்திரியிலிருந்து கணக்கெடுக்க வந்து, மருமகளோடு உட்கார்ந்திருந்த நர்ஸ் சட்டென்று அட்டையில் இருந்த தாளை மாற்றினாள். "வீட்டைச் சுத்தித் தண்ணி தேங்குதான்னு கேட்டேன்மா. கொசு வரும் பாருங்க..."

"அதுக்குக் கதவை எதுக்குச் சாத்தணும்? கொசு ஒட்டுக் கேக்குமா?"

முணுமுணுத்தபடியே போனவள், கதவுக்கு வெளியிலேயே குந்தி, துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

நல்ல மாமியார் வாய்த்தாள் போ, என்று நர்ஸ் மனதுக்குள் கரித்துக் கொட்டினாள்.

ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடிபடுகிறாயா என்று பெண்ணிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். யாராவது வந்துவிட்டால் கொசுத் தாளுக்கு மாறிவிட வேண்டும். விஷயம் வெளியே தெரிந்தால் கேட்டவள் தப்பித்துப் போய்விடுவாள். சொன்னவளுக்குத்தான் பூசை விழும்.

"சொல்லும்மா. கை ஏன் நிமிர மாட்டேங்குது?"

மருமகள் கதவைப் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தாள். "போன மாசம் முறுக்கிட்டார். முந்தாநாள்... கழுத்தைப் பிடிச்சார். கண்ணு இருட்டிடுச்சுக்கா."

நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"பத்திரமான இடம் ஒண்ணு இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத் தெருமுனையில வண்டி நிக்கும். கடைக்குப் போற மாதிரி வந்து ஏறிக்கோ. வர்றியா?"

மருமகள் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் புருஷன் படுத்திருந்தான்.

"வர்றேன்" என்று உதடு மட்டும் அசைந்தது.

'ஒரு ஆள்' என்று நர்ஸ் எழுதி முடிக்கவும், வெளியே மாமியார் பலமாக இருமினாள். இந்தம்மா மறுபடியும் வருகிறாளே என்று தாளை மாற்றினாள்.

வந்தது அவன்.

"யாரு நீங்க? என்ன எழுதுறீங்க?"

"கொசு... கொசுக் கணக்கு சார்."

"கொடுங்க, பார்ப்போம்."

அட்டை அவன் கைக்குப் போய்விட்டது. மேல்தாளை வரி வரியாகப் படித்தான். அவன் விரல் அடுத்த தாளின் நுனியைத் தொட்டது. மருமகள் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"எவடி அவ, என் வீட்டுல கொசு இருக்குன்னு எழுதினவ?"

மாமியார் புயல் மாதிரி உள்ளே நுழைந்தாள். மகன் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினாள். தாள்களை உருவி, மொத்தத்தையும் வாளிக்குள் அமுக்கி, துணி கசக்குவது போலக் கசக்கினாள்.

"துடைச்சுத் துடைச்சு இடுப்பு ஒடியுது எனக்கு! இவ கொசு எண்ண வந்துட்டா. போடி வெளியே!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கம்மாகிட்ட வாயைக் கொடுத்தீங்களா? நல்லா வேணும். கிளம்புங்க, கிளம்புங்க."

நர்ஸ் எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தெருவுக்கு வந்துவிட்டாள்.

பின்னாலேயே செருப்புச் சத்தம். வாளியைத் தூக்கிக்கொண்டு மாமியார் வந்தாள். சாக்கடையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே, "இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

பிறகு தலையை நிமிர்த்தாமல், குரலைத் தாழ்த்தினாள்.

"திரும்பாதேம்மா, ஜன்னல்ல நிக்கிறான். அந்தத் தாளைப் படிச்சிருந்தான்னா இன்னைக்கு அவ உசிரு மிஞ்சியிருக்காது. வேற தாள்ல எழுதிக்கோ. நாலு மணி வண்டிக்கு ஒரு ஆள்னு போட்டிருப்பே இல்ல?"

"ஆமாம்மா..."

"ரெண்டுன்னு போடு. அவன் கைக்குப் பெத்தவ வேற, கட்டினவ வேறன்னு தெரியாது."