ஹிஸ்கேயின் எண்பதாவது பிறந்தநாளும் ஒரு கேபிளும்

நெதர்லாந்தின் லீவார்டனில் ஹிஸ்கேயின் வீடு. பிறந்தநாளுக்கு வந்தவர்கள் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில், மடியில் கேக்குத் தட்டுடன், கறுப்பாகக் கிடக்கும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவளுடைய காலஞ்சென்ற கணவர் பாடுகிற ஒரே வீடியோ உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கிறது. அதை டிவியோடு இணைக்கும் கேபிளைத்தான் காணோம். மகள் நீன்கே மண்டியிட்டு, தம்பி யெல்மரின் கேபிள் பெட்டியைத் தரையில் கவிழ்க்கிறாள். அதில் இருப்பதை அவிழ்த்து நீட்டினால் பெல்ஜியம் வரை போகும். ஒருமுறை போனது, எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் கேபிளின் வாய் பொருந்தவில்லை. அடுத்தது பொருந்துகிறது, டிஸ்க்கின் விளக்கும் எரிகிறது, திரை அசையவில்லை. “இதுல கரண்டுதான் போகும், படம் போகாது. அதோட கேபிள் எங்கடா?” “காலையில கையில இருந்துச்சுக்கா.” “மூளையும் இருந்துச்சா?” நீன்கே வீசிய கேபிள் சுவரில் போய் அடிக்கிறது. ஹிஸ்கே கேக்கைத் தொடாமல் முள்கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அவள் தலைக்கு மேலே காகிதத் தோரணம். அதை ஆணியில் கட்டியிருக்கும் கறுப்புக் கயிற்றின் நுனியில் அகலமான, தட்டையான வாய் ஒன்று மெல்ல ஆடுகிறது. எல்லோரும் அதைப் பார்க்கிறோம். “நூல் தீந்துபோச்சு,” என்கிறான் யெல்மர். நீன்கே நாற்காலியில் ஏறி ஒரே இழுப்பாக இழுக்கிறாள். தோரணம் முழுவதும் அம்மாவின் தலைமேல் விழுகிறது. எடுக்க ஓடிய யெல்மரின் கையை ஹிஸ்கே முள்கரண்டியாலேயே தட்டிவிடுகிறாள். காதோரம் காகிதக் கொடிகள் தொங்க, குரலை உயர்த்தாமல் சொல்கிறாள்: “முதல்ல உங்கப்பாவைப் பாட விடுங்க. உங்க ரெண்டு பேரையும் அப்புறம் பாத்துக்கறேன்.”