இரண்டு மணிக்கு வைவா

ஒற்றைத் தலைவலியால் பல இரவுகள் தூங்காத பெனிட்டா, துப்பட்டாவால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டு விடுதி அறையில் படுத்திருந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று போனையும் அணைத்து அறைத்தோழி மைதிலியிடம் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு மணிக்கு வைவா. மறக்காம எழுப்பிவிடுடி."

தங்கப் பதக்கத்துக்குப் போட்டி இவர்கள் இருவருக்குள்தான்.

ஒன்றரை மணிக்கு மைதிலி தலைவாரிக் கிளம்பினாள். வராந்தாவில் சிரித்த பெண்களை அதட்டினாள்.

"ஏய் எருமைங்களா, மெதுவாப் பேசுங்க. பாவம், இப்பதான் கண் அசந்திருக்கா."

"நர்ஸம்மா உத்தரவுப்பா!" என்று கேலி செய்தபடி அவர்கள் நகர்ந்தார்கள்.

மைதிலி உள்ளே திரும்பி, வெளிச்சம் வராமல் ஜன்னல் இடுக்கில் போர்வையைச் செருகினாள். தளர்ந்திருந்த துப்பட்டா முடிச்சை இதமாக இறுக்கினாள். பெனிட்டா கண் திறக்காமலே அவள் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீ இருக்கேங்கிற தைரியத்துலதான்டி தூக்கமே வருது."

அந்தப் பிடி தளரும்வரை மைதிலி பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். பிறகு அணைந்த போனைத் தன் பையில் போட்டுக்கொண்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுத் தனியாக வைவாவுக்கு நடந்தாள்.