ஓரத்தில் உட்கார்ந்த கிருமி

கான் தெ மாஸ்க் என்ற தீவுக் கிராமத்தில் காலை பத்து மணி. மாட்டுக் கொட்டகை வாசலில், பசுவை ஏற்றிப்போக வந்த கசாப்புக்காரர் ரெஜிஸின் வேன் உறுமிக்கொண்டிருக்கிறது. உள்ளே, மூன்று நாளாக எழுந்திருக்காத பசுவின் தலையை மடியில் ஏந்தியிருக்கிறாள் யொலாந்த். ஸ்வெட்டர் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு அவள் வாங்கிய ஒரே பசு. மெட்ராஸிலிருந்து வந்த கால்நடை டாக்டர் ஜெயபாரதி, கவிழ்த்த வாளியின் மேல் மைக்ராஸ்கோப்பை நிறுத்தி, அதன் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்புகிறாள். பசுவின் காது நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் அதன் கீழே கண்ணாடித் தகட்டில் சாயமேறிக் காத்திருக்கிறது. "உண்ணிக் காய்ச்சல்தான் மதாம். முந்தாநாள் போட்ட ஊசியே கேக்கல," என்கிறார் ரெஜிஸ். "குழாய்க்குள்ள சாமியா தெரியுது?" கரும்புத் தோட்டத்தின் மேலே வந்த மேகம் சூரியனை மூடுகிறது. மைக்ராஸ்கோப்புக்குள் தெரிந்த வட்டம் இருள்கிறது. ஜெயபாரதி கண்ணை எடுக்கவில்லை. ஒளி திரும்புகிறது. அந்த ஊசி கொல்லும் கிருமி, சிவப்பணுவுக்குள் ஜோடியாகப் படுத்திருக்கும். இங்கே ஜோடியே இல்லை. அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கடுகளவில் ஒரு கரும்புள்ளி. பக்கத்து அணுவிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். மாட்டிக்கொண்டாய், கள்ளப்பயலே. "உண்ணி அதேதான். உள்ள விட்ட கிருமி வேற," என்கிறாள். "இதுக்கான மருந்து என் பையிலேயே இருக்கு." யொலாந்த் நிமிர்கிறாள். "கேட்டீங்களா மிசியே ரெஜிஸ்? இன்னிக்கு உங்களுக்குக் கோழிதான்." மஞ்சள் மருந்து சிரிஞ்சில் ஏறுகிறது. ரெஜிஸ் போய் வேனை அணைத்துவிட்டு வருகிறார். பசுவின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் கழுத்தை அணைத்துப் பிடிக்கிறார். "இப்படிப் பிடிச்சா சரியா, மதாம்?"