தள்ளி அனுப்பும் வண்டி

அமரர் வண்டியைச் சாவி திருகிக் கிளப்பக் கூடாது. உறவினர்கள் கைவைத்துத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

இப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைத்ததில்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீடு எதுவும் அதை மீறியதில்லை.

முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பிகள் அந்த வண்டியின் பின்னால் தோளோடு தோள் உரசித் தள்ளினார்கள். மருமகன்கள் கைவைக்க இடம் கேட்டுச் சண்டை போட்டார்கள். குளிர்சாதனம் பொருத்திய புது வண்டிகள் வாசல்வரை வந்து, தள்ள விடுவீர்களா என்ற ஒரே கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பிப் போயின.

போகும் வழியில் எஞ்சினை அணைப்பதில்லை. ஹாரன் அடிப்பதில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் முகப்பு விளக்கைப் போடுவதில்லை. எல்லாம் மரியாதை.

எல்லாம் டைனமோக் கோளாறு என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் வண்டியின் முதலாளி. மற்றவன் மூலைக்கடை எலக்ட்ரீஷியன்.

முதலாளி இப்போது வண்டியின் பின்பகுதியில், மாலைகளுக்கு நடுவே, நீட்டிப் படுத்திருக்கிறார்.

எலக்ட்ரீஷியன் ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறான். வண்டி நகரும்போது இரண்டாவது கியரில் எந்த நொடியில் கிளட்சை விட வேண்டும் என்பது அவருக்கு அடுத்தபடியாக அவனுக்குத்தான் கைவந்திருந்தது.

ஆண்டுகளுக்கு முன், ஹாரன் கத்தவில்லை என்றுதான் வண்டி முதன்முதலில் அவனிடம் வந்தது. தள்ளிக் கிளப்பி, பேட்டரியில் மீட்டரை வைத்தான். பதினான்கு வோல்ட்டைத் தொட்டிருக்க வேண்டிய முள், பன்னிரண்டுக்கும் கீழே சோம்பிக் கிடந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. வயர்களிலும் குற்றமில்லை. டைனமோவைக் கழற்றினால், உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள் இரண்டும் கடுகளவுக்குத் தேய்ந்து கிடந்தன.

"அண்ணே, பேட்டரிக்குச் சார்ஜே ஏறல. அதான் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. கார்பனை மாத்திட்டா கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பும்."

"இது என்ன கல்யாண வண்டியாடா? இருக்கிறபடியே மாட்டு. அது சரியாச்சுன்னா என் பொழப்பு ரிப்பேர் ஆயிடும்."

மாட்டினான். ஓடும்போதெல்லாம் சார்ஜ் ஏறவில்லை என்று எரிந்து காட்டிக்கொடுத்த சிவப்பு விளக்கின் மேல் ஒரு துண்டுக் கருப்பு டேப்பையும் ஒட்டிக் கொடுத்தான்.

விதி பிறந்த கதையையும் அன்று முதலாளியே சொன்னார். வண்டி முதன்முதலில் மக்கர் செய்தது அவருடைய மாமனாரை ஏற்றி வைத்திருந்தபோது. அத்தனை கூட்டத்துக்கு முன்னால் மானம் கப்பலேறப் போகிறதே என்று கீழே இறங்கியவர், மாமாவை மிஷின் கொண்டுபோக வேண்டாம், நம் கைகள் கொண்டுபோகட்டும் என்று சொல்லிவிட்டார். குரல் தழுதழுத்தது பயத்தில். கூடியிருந்தவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு கதறினார்கள்.

தன் அப்பாவை அவர் ராஜா மாதிரி அனுப்பி வைத்ததை, அவர் மனைவி அதன்பிறகு சொல்லிப் பூரிக்காத வீடில்லை.

போன வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த முதலாளி எலக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மட்டும் தள்ள விட்றாதடா. தள்ளினவங்களையெல்லாம் பார்த்து உள்ளுக்குள்ள சிரிச்சவன் நான்."

அவன் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். இன்று காலை, வீட்டு முன்பக்கம் அழுகையாக இருந்த நேரத்தில், பின்பக்கம் நின்ற வண்டிக்குப் புதுக் கார்பன்களைப் போட்டான். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டினான். முள் பதினான்கில் போய் நின்றது. சாவு வீடென்பதையும் மறந்து அவன் முகம் மலர்ந்துவிட்டது.

மலர்ந்த முகம் இப்போது வியர்த்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்து இருக்கையில் முதலாளியம்மா. பின்னால் மூத்த மகனின் குரல்: "எல்லாரும் கை வைங்கப்பா!"

தகரத்தின் மேல் உள்ளங்கைகள் பதியும் ஓசை வரிசையாகக் கேட்டது.

சாவியைத் திருகினால், ஊருக்கெல்லாம் மரியாதை செய்தவருக்கே மரியாதை இல்லையா என்று அடிக்க வருவார்கள். காரணம் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்தக் காரணம், பக்கத்தில் இருப்பவளின் அப்பாவுக்குக் கிடைத்த ராஜ மரியாதையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

படுத்திருப்பவர் எழுந்து வந்து கேட்கப் போவதில்லை. அவன் கிளட்சை மிதித்து இரண்டாவது கியரைப் போட்டான்.

"கியரை எடுப்பா," என்றாள் முதலாளியம்மா.

"அம்மா?"

"காலையில நீ மீட்டரைப் பார்த்துச் சிரிச்சதை ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

அவன் பார்வை கருப்பு டேப்பின் மேல் போனது.

"எங்கப்பா போன அன்னைக்கும் நான் இந்த சீட்டுலதான் உட்கார்ந்திருந்தேன். மூணு வாட்டி சாவியைத் திருகிப் பார்த்துட்டுத்தானே இறங்கிப் போய்ப் பேசினாரு, மகராசன்."

அவன் கை தானாகக் கியரை எடுத்தது. அவள் கை குறுக்கே நீண்டு சாவியைத் திருகியது.

ஒரே மூச்சில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பின்னாலிருந்த கைகள் சுட்டதுபோல் விலகின. மூத்த மகன் முன்பக்கம் ஓடிவந்தான். "அம்மா! என்னம்மா பண்ற?"

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"கையை எடுங்கப்பா எல்லாரும். வண்டி நல்லாத்தான் இருக்கு. அவரு தானாவே போயிடுவாரு."