மூன்று காலிக் கட்டங்கள்

அப்பா இறந்தபோது தணிகைவேல் எடுத்த மூன்று நாள் விடுப்புக்கு அனுமதி தந்த அலுவலகமே, ஐந்து மாதம் கழித்து அதை ரத்து செய்து சம்பளத்தையும் பிடித்துவிட்டது. முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லையாம். ரத்துக் கடிதத்தோடு மனிதவள அதிகாரி முன் போய் நின்றான்.

“சாவு சொல்லிட்டா மேடம் வரும்?”

“ஆடிட்ல கேக்குறாங்க. இப்ப ரெக்கார்டுபடி அந்த மூணு நாளும் நீங்க லீவுலயும் இல்ல, வேலையிலயும் இல்ல.”

“அப்ப நான் எங்கதான் இருந்தேன்?”

அவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. அவன் வலது உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது சுட்ட தழும்பு பளபளத்தது.

அதிகாரி பதறி எழுந்தார். “ஐயோ, இது எப்ப பட்டது? டியூட்டி நேரத்துலயா?”